மாடல் ரயில் லேஅவுட்டுக்கு மின்சாரமும் கண்ட்ரோலும்: கோலாலம்பூர், பினாங்கில் முதல்முறை போடுபவர்களுக்கு

ரயில் வளைவில் திக்கி நிற்கிறது, ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஓடுகிறது, திடீரென்று எல்லாம் அணைந்துபோகிறது. உடனே இன்ஜினையும் கண்ட்ரோலரையும் குறை சொல்லிப் புதிதாக வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு பலகைக்கு அடியில் இருக்கும் வயரில்தான். கண்ட்ரோலருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பங்கை முதலில் வயருக்கும் இணைப்புகளுக்கும் செலவழித்தால் பாதித் தலைவலி குறையும்.

கீழே சொல்லும் அளவுகள் ஒரு கொண்டோ அறைக்குள் அடங்கும் லேஅவுட்டுக்கானவை: 6 அடிக்கு 3 அடி பலகை, தண்டவாள இடைவெளி 9 மி.மீ. உள்ள ‘என்’ (N) அளவு, உள்ளும் புறமுமாக இரண்டு வட்டம், இரண்டு சைடிங் (ஒதுக்குத் தடம்), நான்கு பாயிண்ட் (தடம் மாற்றும் துண்டு). உங்களுடையது 16.5 மி.மீ. ஹெச்ஓ அளவு என்றால் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. செருகுமுன் அடாப்டரின் அடிப்பக்கத்தைப் படியுங்கள்

நம் ஊரில் பலரும் தொடங்குவது கேட்டோ, டோமிக்ஸ் போன்ற ஜப்பானிய செட்டில்தான். ஜப்பான் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். மலேசியாவில் 230 வோல்ட். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்த பவர் பேக்கை (ரயிலுக்கு மின்சாரம் தரும் கண்ட்ரோலர் பெட்டியை) இங்கே செருகினால் சில நொடிகளில் உள்ளே கருகிவிடும். கடைகளில் விற்கும் பயண பிளக் அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டைக் குறைக்காது.

அடிப்பக்க ஸ்டிக்கரில் ‘இன்புட்’ என்ற வரியைப் பாருங்கள். ‘100–240 வோல்ட்’ என்றிருந்தால் பிளக் வடிவத்தைச் சரிசெய்தால் போதும். ‘100 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால் இரண்டு வழி:

அ) பவர் பேக் தனி அடாப்டரிலிருந்து 12 வோல்ட் நேர்மின்சாரம் வாங்கும் வகையா என்று பாருங்கள். ஆம் என்றால் இங்கேயே 12 வோல்ட் அடாப்டர் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியர் அளவுக்குக் குறையக்கூடாது. உருளைப் பிளக்கின் நடுமுனை நேரா எதிரா என்பதை ஸ்டிக்கரில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். 5.5 மி.மீ. வெளிவிட்டமுள்ள பிளக்கில் உள்துளை 2.1, 2.5 என இரு வகை உண்டு. வெளியே பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே தளர்வாக நின்று விட்டுவிட்டு வேலை செய்யும்.

ஆ) இல்லையென்றால் 230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். கடைகளில் அதிகம் கிடைப்பது அமெரிக்கப் பொருளுக்கான 110 வோல்ட் வகை, அது பத்து விழுக்காடு கூடுதல். 100 என்று அச்சிட்டதையே கேளுங்கள். வாட் அளவு பவர் பேக்கைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

அடாப்டர், பிளக், எக்ஸ்டென்ஷன் எதுவானாலும் சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இவை எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவின் கட்டுப்பாட்டுக்குள் வரும் சாதனங்கள். முத்திரையில்லாத ‘12 வோல்ட் 5 ஆம்பியர்’ மலிவுப் பெட்டிகளில் 230 வோல்ட் பக்கத்துக்கும் தண்டவாளப் பக்கத்துக்கும் இடையே உள்ள காப்பை நம்ப முடியாது. பிள்ளைகள் கைவைக்கும் தண்டவாளம் இது.

புதுச் சுவர் சொக்கெட் போட வேண்டியிருந்தால் பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். லேஅவுட் மொத்தமே நூறு வாட்டைத் தாண்டாது என்பதால் பெரும்பாலும் தேவைப்படாது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் மட்டும் எர்த் இணைப்பும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபியும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று அவரைவிட்டே பார்க்கச் சொல்லுங்கள்.

2. அனலாகா, டிசிசியா?

அனலாக் என்றால் தண்டவாளத்துக்குப் போகும் வோல்ட் ஏறினால் வேகம் ஏறும், முனை மாறினால் திசை மாறும். ஒரு வட்டத்துக்கு ஒரு கண்ட்ரோலர். டிசிசி எனும் டிஜிட்டல் கட்டளை முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும். அதன் முனைகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை புரளும், அந்தப் புரளலின் கால அளவிலேயே கட்டளை அடங்கியிருக்கும். இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயிலைத் தனித்தனியே ஓட்டலாம்.

இரண்டே இன்ஜின், ஆளுக்கொரு வட்டம் என்றால் அனலாக் போதும். மூன்றாவது இன்ஜின் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே டிசிசிக்குப் போய்விடுங்கள். டிகோடர் ஒன்று ஏறக்குறைய 100 முதல் 200 ரிங்கிட். இருபது அனலாக் இன்ஜின் சேர்த்தபிறகு மாறுவது பணத்தைக் கரைக்கும்.

அனலாக் பவர் பேக்கையும் டிசிசி கருவியையும் ஒரே தண்டவாளத்தில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டு வட்டத்தை இணைக்கும் பாயிண்ட் வழியாக ஒரு ரயில் கடந்தாலே போதும், சக்கரம் இரண்டையும் சேர்த்துவிடும், ஏதாவது ஒரு கருவி போய்விடும். டிகோடர் இல்லாத இன்ஜினை டிசிசி தண்டவாளத்தில் சும்மா நிறுத்திவைப்பதும் ஆபத்து. மோட்டார் கீச்சென்று சத்தமிட்டுச் சூடாகும். கோர்லெஸ் (இரும்பு உள்ளகம் இல்லாத) மோட்டார் என்றால் சீக்கிரமே கருகிவிடும்.

3. எத்தனை ஆம்பியர் வேண்டும்?

என் அளவு இன்ஜின் ஓடும்போது 0.1 முதல் 0.3 ஆம்பியர் இழுக்கும். ஹெச்ஓவில் 0.25 முதல் 0.5, ஒலி டிகோடர் இருந்தால் இன்னும் கூடும். பழைய பல்ப் விளக்குள்ள பெட்டி ஒவ்வொன்றுக்கும் 0.05 வைத்துக்கொள்ளுங்கள். நம் உதாரண லேஅவுட்டில் மூன்று இன்ஜினும் ஆறு பெட்டியும் ஒன்றாக ஓடினாலும் 1.2 ஆம்பியர்தான். 2 அல்லது 3 ஆம்பியர் கருவி தாராளம்.

‘இருக்கட்டுமே’ என்று 5, 8 ஆம்பியர் வாங்குபவர்கள் உண்டு. ‘என்’ அளவில் அது கெடுதல். சக்கரம் தடம்புரண்டு ஷார்ட் ஆனால் கருவி அணைவதற்குள் அத்தனை ஆம்பியரும் ஒரு மெல்லிய சக்கரத்தின் வழியாகத்தான் போகும். பிளாஸ்டிக் போகி (சக்கரச் சட்டம்) உருகும்.

தண்டவாள வோல்ட் என் அளவுக்கு 12 வாக்கிலும் ஹெச்ஓவுக்கு 14–15 வாக்கிலும் இருக்கட்டும்.

4. வாங்க வேண்டியவை

விலை அடிக்கடி மாறும். கீழே உள்ளது பட்ஜெட் போட உதவும் தோராயம்.

பஸ் வயர் (பலகைக்கு அடியில் ஓடும் முதன்மை வயர்): 1.5 ச.மி.மீ. செம்பு வயர், சிவப்பு 5 மீட்டர், கறுப்பு 5 மீட்டர். ஹார்ட்வேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வீட்டு வயரிங்குக்கும் இதே நிறங்கள் புழங்கியதால், பலகைக்கு அடியில் ‘12 வோல்ட்’ என்று லேபிள் ஒட்டிவிடுங்கள். பச்சை-மஞ்சள் வயரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அது எர்த்துக்கு மட்டும்.

ஃபீடர் வயர் (பஸ்ஸிலிருந்து தண்டவாளத்துக்கு ஏறும் வயர்): 0.5 ச.மி.மீ. பல இழை வயர், இரண்டு நிறத்திலும் ஐந்தைந்து மீட்டர்.

லீவர் கனெக்டர்: வாகோ போன்ற வகை, 12 முதல் 15. ஒன்று 1 முதல் 3 ரிங்கிட். கார் ஆக்சசரி கடையில் விற்கும் நீல நிறக் கடிப்பு கனெக்டர் வயரின் அளவு பொருந்தாவிட்டால் சில மாதங்களில் விட்டுப்போகும்.

60 வாட் சால்டரிங் அயர்ன், 0.8 மி.மீ. ரோசின் ஈயம், மல்டிமீட்டர்: மூன்றும் சேர்த்து 100 ரிங்கிட்டுக்குள் முடிக்கலாம். குழாய் பற்றவைக்கும் ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் அது தண்டவாளத்தையும் வயரையும் தின்றுவிடும்.

12 வோல்ட் 21 வாட் கார் சிக்னல் பல்ப் ஒன்று, அதன் ஹோல்டரோடு. எதற்கென்று 8ஆம் படியில் தெரியும்.

கோலாலம்பூரில் இருப்பவர்கள் புடுவில் உள்ள ஜாலான் பசாருக்குப் போனால் வயர், கனெக்டர், சுவிட்ச், அடாப்டர் எல்லாம் ஒரே தெருவில் முடியும். சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள், பிறகு வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பினாங்கில் வயரை ஹார்ட்வேர் கடையிலும் பல்பை கார் ஆக்சசரி கடையிலும் வாங்கிக்கொண்டு, சிறு பாகங்களை ஷோப்பியிலோ லசாடாவிலோ உள்நாட்டு விற்பனையாளரிடம் ஆர்டர் செய்வது சுலபம்.

டிகோடரும் டிசிசி கருவியும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரும். 2024 ஜனவரி 1 முதல், இணையவழி வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பதிவுசெய்த விற்பனையாளர் அதை விலையோடு சேர்த்தே வாங்கிவிடுவார். 500-ஐத் தாண்டினால் சுங்கத்துறை மதிப்பிடும், கூரியர் நிறுவனம் கையாளும் கட்டணமும் கேட்கும். இன்வாய்ஸ், பணம் கட்டிய சான்று, பொருளின் விவரப் பக்கம் மூன்றையும் பிடிஎஃப் ஆகத் தயாராக வைத்திருங்கள், கேட்ட அன்றே அனுப்பினால் பொதி தேங்காது. விலையைக் குறைத்து எழுதும்படி விற்பனையாளரிடம் சொல்லாதீர்கள். அது தவறு என்பதோடு, பொதி தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைதான் திரும்பும். வைஃபை உள்ள கருவிகள் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியின் சான்று விதிகளுக்குள் வருபவை. உள்நாட்டில் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது இங்கேயே வாங்குங்கள்.

வெளிநாட்டுப் பொதிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் வைத்துக்கொண்டு, முதலில் அதை ஆர்டர் செய்துவிட்டு, வருவதற்குள் 5, 6ஆம் படிகளை முடியுங்கள்.

5. பஸ்ஸும் ஃபீடரும்

நேரம் அதிகம் செலவிட வேண்டிய படி இது.

தண்டவாளம் செய்யும் நிக்கல் சில்வர், பெயரில் வெள்ளி இருந்தாலும், செம்பைவிடப் பல மடங்கு மின்தடை உள்ளது. அதைவிட மோசம் தண்டவாளங்களைச் சேர்க்கும் ஜாயினர். புதிதாக இருக்கும்போது நன்றாகக் கடத்தும். ஈரமும் தூசியும் சேரச் சேரத் தளர்ந்து கறுத்துவிடும். ஆகவே ஜாயினரை நம்பி மின்சாரம் அனுப்பக்கூடாது. தடித்த இரண்டு வயர் பலகைக்கு அடியில் ஓடட்டும், அதுதான் பஸ். அதிலிருந்து குட்டி வயர்கள் தண்டவாளத்துக்கு ஏறட்டும், அவை ஃபீடர்.

தடிமன் ஏன் முக்கியம்? கருவியிலிருந்து 4 மீட்டர் தள்ளி உள்ள இடத்துக்குப் போக வர 8 மீட்டர் வயர். 1.5 ச.மி.மீ. என்றால் 3 ஆம்பியரில் சுமார் 0.3 வோல்ட் குறையும். 0.5 ச.மி.மீ. வயரையே பஸ்ஸாகப் போட்டால் 0.9 வோல்ட்.

வோல்ட் குறைவது வேகத்தை மட்டும் பாதிக்கும், இதைவிட மோசமான விளைவு ஒன்று இருக்கிறது. கருவி 3 ஆம்பியரில் துண்டிக்கும் என்று வையுங்கள். தளர்ந்த ஜாயினர்களால் வழியில் மொத்தம் 5 ஓம் தடை சேர்ந்துவிட்டது. அங்கே ஷார்ட் ஆனால் 12-ஐ 5-ஆல் வகுத்து 2.4 ஆம்பியர்தான் ஓடும். கருவிக்கு அது ஷார்ட் என்றே தெரியாது, துண்டிக்காது. கிட்டத்தட்ட 29 வாட் வெப்பம் அந்தத் தளர்ந்த இணைப்புகளில் இறங்கும். ஒரு சிறிய சால்டரிங் அயர்னைத் தண்டவாளத்தின்மேல் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

செய்முறை (இரண்டு வட்டத்துக்கும் ஒரே கருவி, அதாவது டிசிசி என்று வைத்து):

பலகையின் நீளவாக்கில் நடுவே சிவப்பு, கறுப்பு பஸ்ஸை ஓட்டுங்கள். இரண்டையும் லேசாக முறுக்கிவிடுங்கள், 10 செ.மீ.க்கு ஒரு முறுக்கு போதும். பஸ்ஸை வட்டமாக்கி முனையோடு முனை சேர்க்காதீர்கள், கோடாகவே முடியட்டும்.

ஃபீடர் ஒரு மீட்டருக்கு ஒரு ஜோடி. வெளிவட்டத்துக்கு 5, உள்வட்டத்துக்கு 4, சைடிங்குக்கு ஒவ்வொன்று, ஆக 11 ஜோடி. ஒவ்வொரு வயரும் முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும்.

தண்டவாளத்தின் வெளிப்பக்க அடியில் சால்டர் செய்யுங்கள். உட்பக்கம் வைத்தால் சக்கர விளிம்பு இடிக்கும். உலோகத்தைச் சுரண்டி, முதலில் இரண்டிலும் தனித்தனியே ஈயம் பூசி, பிறகு இரண்டு விநாடியில் ஒட்டி எடுங்கள். இருபக்கமும் ஈரத்துணி வைத்தால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகாது. சால்டரிங் கைவரவில்லை என்றால், யூனிட்ராக் போன்ற தண்டவாளங்களுக்கு வயர் பொருத்திய ஃபீடர் துண்டுகளும் ஜாயினர்களும் கிடைக்கும்.

நிறத்துக்கு ஒரே விதி: வெளிவட்டத்தின் வெளித் தண்டவாளம் சிவப்பு. அங்கிருந்து பாயிண்ட் வழியாக விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனால் உள்வட்டத்தில் எது சிவப்பு என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு ஜோடி மாட்டியதும் மல்டிமீட்டரின் பீப் நிலையில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே வைத்துப் பாருங்கள். பீப் கேட்டால் கடைசியாக மாட்டியதுதான் தவறு. பதினொன்றையும் மாட்டிவிட்டு ஒரேயடியாகச் சோதித்தால் மீண்டும் பதினொன்றையும் கழற்ற வேண்டிவரும்.

6. பாயிண்டும் திரும்பும் வட்டமும்

கேட்டோ என் அளவு 6ஆம் எண் பாயிண்ட், திருப்பிய பக்கத்துக்கு மட்டுமே மின்சாரம் விடும். 4ஆம் எண்ணில் அதை அடியிலுள்ள திருகுகளால் மாற்றிக்கொள்ளலாம். பெக்கோ எலெக்ட்ரோஃப்ராகிலும், நடுவே இரண்டு உள் தண்டவாளங்கள் சேரும் முனையான ஃப்ராகில் மின்சாரம் உண்டு. இப்படிப்பட்ட பாயிண்டின் இரு கிளைகளுக்கும் ஃபீடர் கொடுத்தால், ஃப்ராகிலிருந்து வெளியேறும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டே ஆகவேண்டும். இல்லையேல் பாயிண்டைத் திருப்பிய மறுகணம் ஷார்ட்.

சொலெனாய்ட் பாயிண்ட் மோட்டாருக்கு ஒரு கணத் துடிப்பு மட்டுமே தேவை. சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்ச் போட்டால் காயில் கருகும். அழுத்தி விடும் பொத்தானோ, அந்தந்த நிறுவனத்தின் சுவிட்சோ பயன்படுத்துங்கள். பாயிண்டுகளுக்கான மின்சாரத்தைத் தண்டவாள பஸ்ஸிலிருந்து எடுக்காமல் தனி அடாப்டரில் ஓட்டினால், ஷார்ட் ஆன நேரத்திலும் பாயிண்டைத் திருப்பி விடுவிக்கலாம்.

ரயில் சுற்றி வந்து வந்த வழியே எதிர்த்திசையில் சேரும் வட்டம் உங்கள் வரைபடத்தில் இருந்தால், சிவப்புத் தண்டவாளம் கறுப்பில் போய் முட்டும். அந்தப் பகுதியின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் துண்டித்து, முனைகளைத் தானாகப் புரட்டும் ஆட்டோ ரிவர்சர் போடுங்கள். துண்டித்த பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்கவேண்டும். ரிவர்சர் புரளும் ஆம்பியர் அளவு கருவி துண்டிக்கும் அளவைவிடக் குறைவாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அது புரளுமுன் கருவி அணைந்துவிடும். முதல் லேஅவுட்டில் இப்படி ஒரு வட்டமே வேண்டாம் என்பது என் கட்சி.

7. கருவியை இணைத்தல்

பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டும் கருவிகள் என்சிஇ பவர் கேப், டிஜிட்ராக்ஸ் செஃபிர், ரோக்கோ இசட்21 ஆகியவை. ஏறக்குறைய ஆயிரம் ரிங்கிட்டும் அதற்கு மேலும். இரண்டு வயரை பஸ்ஸில் மாட்டினால் முடிந்தது. அமெரிக்காவிலிருந்து வரும் கருவியென்றால் அடாப்டருக்கு முதல் படியை மறுபடி வாசியுங்கள்.

செலவைக் குறைக்க டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருள் உண்டு. ஆர்டுயினோ மேகா 2560 பலகை, அதன்மேல் மோட்டார் ஷீல்ட், ஒரு வைஃபை பலகை, எல்லாம் சேர்த்து 200 ரிங்கிட்டுக்குள் அடங்கும். இதில் பலரும் சிக்கும் பொறி ஒன்று: மோட்டார் ஷீல்டில் ‘வின்’ (Vin) என்ற இணைப்பு தண்டவாள வோல்ட்டைக் கீழே உள்ள ஆர்டுயினோவுக்கும் அனுப்பிவிடும். அந்தத் தடத்தை ஷீல்டில் வெட்டிவிட்டு, ஆர்டுயினோவுக்குத் தனியாக 7–9 வோல்ட் அடாப்டர் கொடுங்கள். எல்298 சில்லுள்ள ஷீல்ட் சுமார் 2 வோல்ட்டைத் தானே விழுங்கும். தண்டவாளத்தில் 12 வேண்டுமென்றால் 14 வோல்ட் கொடுக்கவேண்டும், ஆகவே தடத்தை வெட்டாமல் விடவே முடியாது.

ஷீல்டின் ஏ முனை முதன்மைத் தண்டவாளத்துக்கு, பி முனை நிரலிடும் தனித் துண்டுக்கு, அதாவது டிகோடரின் முகவரியை எழுதவும் வாசிக்கவும் ஒதுக்கிய தண்டவாளத்துக்கு. ஆண்ட்ராய்டில் எஞ்சின் டிரைவர், ஐஃபோனில் வைத்ராட்டில் ஆப். கருவியே வைஃபை பரப்பும் நிலையில் முகவரி 192.168.4.1, போர்ட் 2560.

8. நாணயச் சோதனை

இன்ஜின் வைக்குமுன் இதைச் செய்யுங்கள். மின்சாரம் போட்டு, என் அளவுக்கு 20 சென், ஹெச்ஓவுக்கு 50 சென் நாணயத்தை இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வையுங்கள். கருவி உடனே அணைய வேண்டும். பலகை முழுக்க, ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்திலும், பாயிண்டின் ஒவ்வொரு கிளையிலும் செய்யுங்கள். எங்காவது அணையாமல் தயங்கினால் அங்கே ஒரு ஃபீடர் சேர்க்கவேண்டும். நாணயத்தைப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள், சுடும்.

அடுத்து பல்ப். அது 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும், அதாவது பல ரயில் ஓடும் சுமை. கருவியின் வாசலில் பல்பை மாட்டி வோல்ட் பாருங்கள், பிறகு தண்டவாளத்தின் தொலைதூரத்தில் மாட்டிப் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங் சரி. டிசிசிக்கு மீட்டரை ஏசி நிலையில் வையுங்கள். மலிவு மீட்டர் காட்டும் எண் சரியாக இராது என்றாலும் இரு இடங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம்.

9. முதல் இன்ஜின்

டிகோடர் பொருத்துமுன் அந்த இன்ஜின் அனலாகில் நன்றாக ஓடுகிறதா என்று பாருங்கள். பொருத்தியதும் முதன்மைத் தண்டவாளத்தில் வைக்காமல் நிரலிடும் துண்டில் வைத்து முகவரியை வாசியுங்கள். அங்கே ஆம்பியர் குறைவு என்பதால் வயர் மாறியிருந்தாலும் டிகோடர் தப்பிக்கும். புது டிகோடரின் முகவரி 3. வாசிக்க முடிந்தால் மோட்டார் இணைப்பு சரி என்று பொருள்.

முகவரியை இன்ஜின் எண்ணின் கடைசி இரண்டு இலக்கமாக சிவி 1-இல் எழுதுங்கள் (சிவி என்பது டிகோடரில் எண்ணிட்ட அமைப்பு இடம்). கிளம்பும்போது துள்ளினால் சிவி 2 தொடக்க வோல்ட், சிவி 3 வேகம் ஏறும் நிதானம், சிவி 4 இறங்கும் நிதானம். சிவி 29-இன் மதிப்பு வழக்கமாக 6. அதை 2 ஆக்கினால் அனலாக் ஓட்டம் நின்றுவிடும், ஷார்ட்டுக்குப் பிறகு இன்ஜின் தானாக முழுவேகத்தில் பாயும் தொல்லையும் பெரும்பாலும் தீரும். கண்டபடி மாற்றிக் குழம்பினால், பல டிகோடர்களில் சிவி 8-இல் 8 என்று எழுதினால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும்.

10. ஈரம், இடி

நம் ஊரில் வெயிலைவிட ஈரம்தான் பகை. ஏர்கோன் போட்டு அணைத்து மாறிமாறி இருக்கும் அறையில் பிளைவுட் உப்பும், சுருங்கும், ஃபீடர் இழுபடும். பலகையின் அடிப்பக்கத்தையும் ஓரங்களையும் வயரிங்குக்கு முன்பே பெயிண்ட் அடித்துவிடுங்கள். ஃபீடரில் ஒரு சிறு தளர்வு விடுங்கள்.

தண்டவாளத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடையுங்கள். மணல்தாள் வேண்டாம், அது போடும் கோடுகளில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். தண்டவாளத்தோடு இன்ஜின் சக்கரத்தையும் துடைக்கவேண்டும், பாதிப்பேர் இதை மறந்துவிட்டுத் தண்டவாளத்தையே திரும்பத் திரும்பத் தேய்க்கிறார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடி பெரும்பாலும் சொல்லாமல் வரும். சுவிட்சை அணைப்பது போதாது, சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்குங்கள். எல்லா அடாப்டர்களும் ஒரே எக்ஸ்டென்ஷனில் இருந்தால் ஒரு பிளக் பிடுங்கினால் போதும். கணினியை யூஎஸ்பி வழியாகக் கருவியில் மாட்டியிருந்தால் அதையும் சேர்த்துக் கழற்றுங்கள்.